ஒரு வீட்டுக்கு ஒரு பதவி

அத்தியாயம் 14

வாய் நிறையப் பற்பசை நுரையோடு சாங்பேக்கைக் கூடத்தின் நடுவில் நிற்க வைத்துவிட்டுப் போன வாரம் பிரிந்தோம். பாவம், முதலில் அவரைத் துப்பச் சொல்வோம்.

தொழிற்சாலை வாசலில் காவலர்களுக்குத் தலைவராக இருக்கும் பழைய சிநேகிதர் போனில் சொன்னது ஒரே வரிதான். "உன் பையன் மேனேஜர் ஆயிட்டான்யா, நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பேரு வருது." சாங்பேக் அதே தொழிற்சாலையில் மண் அள்ளும் இயந்திரங்களுக்கு கியர்பாக்ஸ் பூட்டிப் பூட்டியே ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மகன் கிதே மேனேஜர் என்றால் அவருக்குத் தலைகால் புரியுமா?

நுரையைத் துப்பின கையோடு பலகாரக் கடைக்குப் போன் போட்டார். சிவப்புப் பயறு தூவிய அரிசிப் பலகாரம், மகன், மருமகள் இருவருடைய பிரிவுகளுக்கும் போதுமான அளவு, காலையில் அவித்துச் சூடு ஆறுவதற்குள் தொழிற்சாலையில் சேர்த்துவிட வேண்டும். பெட்டிமேல் யார் பெயர் எழுதட்டும் என்று கடைக்காரி கேட்டபோது மகன் பெயரை இரண்டு தடவை சொன்னார்.

மகனை ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், இல்லை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு செய்கிற வழக்கம் அவர்கள் ஊரான சாங்வொனில் கிடையாது. பதவி உயர்ந்தவன் வீட்டிலிருந்து பலகாரம் போக வேண்டும். போகாவிட்டால் அந்த உயர்வை யாரும் உயர்வாகவே மதிக்க மாட்டார்கள். அவர் அதைத்தான் செய்தார், வீட்டில் யாருக்கும் சொல்லாமல், ரகசியமாக.

வெள்ளிக்கிழமை காலை மருமகள் மிரான் தன் கருநீலக் கோட்டை இரண்டாவது முறை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முதல் முறையே நன்றாகத்தான் இருந்தது. கை சும்மா இருக்க மறுத்தது.

கிதே தலையைக் குனிந்தபடி முளைப்பயறு சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, மாமா மூஞ்சியப் பாத்தீங்களா? எதையோ மறைக்கிறார்."

"அவர் எப்பவும் அப்படித்தான்."

"நீங்களும்தான் மறைக்கிறீங்க."

"சூப் ஆறுது. வந்து சாப்பிடு."

அறைக்குள் கண்ணாடி முன்னால் தன் ஒரே டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சாங்பேக் தலையை நீட்டினார். "ஹாரின் அம்மா, மத்தியானம் மூணு மணிக்கு நீ ஆபீஸ்லதான இருப்ப?"

"பின்ன எங்க மாமா போவேன்?"

"இல்லம்மா, சும்மா கேட்டேன்."

பேத்தி ஹாரின் பள்ளிக்கூடம் போயாகிவிட்டது. அவள் இருந்திருந்தால் தாத்தாவிடமிருந்து இந்த ரகசியத்தை ஒரு நிமிஷத்தில் கறந்திருப்பாள்.

மிரானுக்கு ரகசியத்தைத் துருவ மனம் இல்லை. அவளுக்கு அன்று வேறு கவலை. அதே தொழிற்சாலையில் உதிரி பாகங்களுக்கான திட்டப் பிரிவில் வேலை. வணிகப் பள்ளி முடித்த கையோடு எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தவள். எழுத்தர் வரிசையில் சேர்ந்தால் சேர்ந்ததுதான், அதற்கு மேல் படி கிடையாது. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஆண்கள் எல்லாம் உதவி மேனேஜர், மேனேஜர் என்று போய்விட்டார்கள். அவர்களைப் பதவியோடு சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். இவளை 'மிரான்' என்று மட்டும் கூப்பிடுகிறார்கள்.

எழுத்தர் வரிசையிலிருந்து அதிகாரி வரிசைக்கு மாற வேண்டுமானால் தேர்வு, பிறகு நேர்காணல். ஹாரின் தூங்கின பிறகு உட்கார்ந்து படித்து அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினாள். தேர்வில் முதல் ஆளாக வந்தாள். நேர்காணலில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இது மூன்றாவது முறை. முடிவு இன்று பத்து மணிக்கு, பதவி உயர்வுகளோடு சேர்ந்து வருகிறது. இந்த முறையும் இல்லையென்றால் வயசு வரம்பு தாண்டுவதற்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி.

*

பத்து மணிக்கு எல்லாருடைய திரையிலும் பெயர்கள் வந்தன.

மேனேஜராக உயர்வு பெறுகிறவர்கள் வரிசையில் இரண்டாவது பெயர் யோம் கிதே. அதிகாரி வரிசைக்கு மாறுகிறவர்கள் என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு பெயர் இருந்தது. அது அவளுடையது அல்ல.

மிரான் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்குமா என்ன? இல்லை.

"அடேயப்பா, உங்க வீட்டுக்காரர் மேனேஜராயிட்டார்!" பக்கத்து மேஜைக்காரி கையைத் தட்டினாள். "சொல்லவேயில்லை பாத்தியா, அமுக்கம்! இன்னைக்கு சாயங்காலம் இறைச்சி விருந்து உங்க செலவு!"

"ஆமா, ஆமா," என்று நாலு குரல்கள் சேர்ந்துகொண்டன. ஒருவருக்காவது அவள் பெயர் வரவில்லை என்பது கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் நல்லது நடந்திருக்கும்போது கெட்டதைப் பேசுவது அழகில்லை, பாருங்கள்.

மிரான் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? பிறகு எழுந்து நேராக ஜி.எம். நாம்குங்கின் அறைக்குப் போனாள். திட்டப் பிரிவு, சோதனைப் பிரிவு இரண்டுக்கும் அவர்தான் மேலதிகாரி. பெயரை மேலே அனுப்புகிறவரும் அவர்தான்.

"வாங்க மிரான், வாங்க! வாழ்த்துக்கள்!" என்றார் நாம்குங். பாக்கெட் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். "மேனேஜர் வீட்டம்மா இனிமே!"

"சார், என் நேர்காணல்ல என்ன குறை?"

"குறையா? யார் சொன்னா? பிரமாதமாப் பேசினீங்க. மார்க்கும் நல்ல மார்க்கு."

"அப்புறம்?"

நாம்குங் காபியை ஒரு வாய் குடித்தார். "யோசிச்சுப் பாருங்க. ஒரே வீட்டுல புருஷனும் ஏறி, பெண்டாட்டியும் ஏறினா, மத்தவங்க என்ன பேசுவாங்க? குழந்தை குட்டியோட காத்துக்கிட்டு இருக்கிறவன் எத்தனை பேரு! கிதே மேனேஜராயிட்டான்ல? அது உங்க வீட்டுக்கு வந்த மாதிரிதானே. ஒரு வீட்டுக்கு ஒண்ணு. அடுத்த வருஷம் உங்களுக்குப் பாப்போம்."

"சார், தேர்வு எழுதினது எங்க வீடு இல்ல. நான்."

"இதுக்குத்தான் பெண்கள் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாங்கன்னு சொல்றது," என்று சொல்லிச் சிரித்தார் அவர். கோபமே இல்லை. நியாயம் பேசுகிறோம் என்று முழுசாக நம்புகிற மனிதரிடம் என்ன பேசி ஜெயிக்க முடியும்? 

மிரான் வெளியே வந்தபோது அவள் மேஜைமேல் பலகாரப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. இன்னும் சூடு ஆறவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு ரிப்பன், அதில் தங்க எழுத்து: 'யோம் கிதே மேனேஜர் ஆனார். எல்லோருக்கும் நன்றி. குடும்பத்தார்.'

குடும்பத்தார் என்றால் அவளும்தானே.

"உங்க மாமா மூணு மணிக்கு வராராமே, அப்ப மீட்டிங் ரூம்ல எல்லாரும் சேந்து சாப்பிடலாம்னு ஜி.எம். சொல்லிட்டார்," என்றாள் பக்கத்து மேஜைக்காரி. "நீ தட்டு எடுத்து வெச்சிடு மிரான்."

*

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோதனைக் கூடத்தில் கிதே மட்டும்தான் இருந்தான். இரும்பு மேடையில் ஒரு கியர்பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதடைப்பானை மாட்டிக்கொண்டு, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றான். சாப்பாட்டை மறந்து இப்படி நிற்பது அவனுக்குப் புதிதில்லை. காதலித்த காலத்தில் இதைப் பார்த்துத்தான் மிரான் மயங்கினாள். இன்று பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சுவிட்சை அணைத்தாள். கிதே கண்ணைத் திறந்தான்.

"வாழ்த்துக்கள், மேனேஜர் சார்."

"மிரான்..."

"எனக்கு வரல. உங்களுக்கு வந்ததால எனக்கு வரல. ஒரு வீட்டுக்கு ஒண்ணுதானாம். நாம்குங் சொல்றார்."

கிதே காதடைப்பானைக் கழற்றினான். "எப்ப சொன்னார்?"

"இப்பதான், காபி குடிச்சுக்கிட்டே."

"அவருக்குத்தான் தெரியுமே!"

"என்ன தெரியும்?"

அவன் காதடைப்பானை மேடைமேல் வைத்தான். "எனக்கு வேண்டாம்னு நேத்து சாயங்காலமே அவர்கிட்ட சொல்லிட்டேன்."

மிரானுக்கு முதலில் விளங்கவில்லை. "எது வேண்டாம்?"

"மேனேஜர் பதவி. வேண்டாம்னு சொன்னேன். யோசிச்சுக்கோன்னார். யோசிச்சுட்டேன் சார்னு சொன்னேன். சரி போன்னார். பேரைப் போட மாட்டார்னு நெனச்சேன்."

"வேண்டாம்னு சொன்னீங்க."

"மேனேஜர் ஆனா யூனியன்ல இருக்க முடியாது மிரான். வருஷா வருஷம் புதுசா ஒப்பந்தம், காலைல மீட்டிங், சாயங்காலம் மீட்டிங். மிஷினைத் தொடவே முடியாது. அம்பது வயசு ஆகறதுக்கு முன்னாடி கையில ஒரு கேடயத்தைக் குடுத்து அனுப்பிடுவாங்க. அப்புறம் என்ன, கோழி வறுக்கிற கடைதான். நம்ம தெருவுல எத்தனை பழைய மேனேஜர் கோழி வறுக்கிறான், நீ பாக்கல? நான் இங்கயே இருந்துக்கறேன். எனக்கு இது போதும்."

"உனக்குப் போதும்." மிரான் அவனை ஒருமையில் அழைத்துப் பல வருஷம் ஆகிறது. "எனக்குப் போதலையே! நீ வேண்டாம்னு தள்ளினியே, அதுக்குக் கீழ இருக்கிற முதல் படிக்கே நான் மூணு தடவையா முட்டிக்கிட்டு இருக்கேன். அது தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"இன்னைக்கு உனக்கு வந்துரும்னு நெனச்சேன். நீ சந்தோஷமா இருப்ப. அந்த நேரத்துல சொன்னா..."

"கோபிக்க மாட்டேன்னு. என் சந்தோஷத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கலாம்னு பாத்திருக்க."

கிதே ஆமாம் என்று தலையசைத்தான். மறுத்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். 

"வேண்டாம்னு சொன்ன ஆளோட பேரை எதுக்குப் போட்டார்?" என்றாள் மிரான், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. பிறகு அவளுக்கே விளங்கிவிட்டது. "பேரு வந்துட்டா, நாலு பேரு வாழ்த்திட்டா, பலகாரத்தையும் தின்னுட்டா, அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட வேண்டாம்பே? அந்தக் கணக்குதான். அந்த சாக்குலயே என்னையும் ஓரம் கட்டியாச்சு."

"பலகாரம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"மாமா அனுப்பியிருக்கார், ரிப்பன் கட்டி. மூணு மணிக்கு வரவும் வராராம். வாசல்ல சிநேகிதர்கிட்ட சொல்லி வெச்சிருக்கார்."

கிதே பக்கத்திலிருந்த கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"மூணு மணிக்கு அங்க வா," என்றாள் மிரான். "வேண்டாம்னு சொன்னதை எல்லார் முன்னாடியும் சொல்லு. அப்பத்தான் நான் என்னோடதைக் கேக்க முடியும்."

"அப்பா இருப்பாரே மிரான்."

"இருப்பார்."

"அவர் முன்னாடி எப்படிச் சொல்றது?"

"என் முன்னாடி சொல்லாம இருக்க முடிஞ்சுதில்ல? அதைவிட இது கஷ்டமா?"

அவள் போய்விட்டாள். அவன் சுவிட்சைத் திரும்பப் போடவில்லை.

*

மூன்று மணிக்கு மீட்டிங் ரூமில் நிற்க இடமில்லை. தட்டுகளை மிரான் எடுத்து வைக்கவில்லை. வேறு யாரோ முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்தார்கள்.

சாங்பேக் வந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற கோட்டு, டை, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த ஆர்க்கிட் பூந்தொட்டி. தன்னைவிடப் பத்து வயது இளைய நாம்குங்குக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"என் பையனை மேல தூக்கிவிட்டீங்க சார். நான் இந்தத் தொழிற்சாலையில கீழ நின்னவன். எனக்கு வேற என்ன வேணும்?"

"அவன் திறமைங்க ஐயா, நாங்க என்ன செஞ்சோம்?" என்றார் நாம்குங், வாயில் பலகாரத்தோடு.

மிரான் மாமாவைப் பார்த்தாள். இந்த மனிதரை இன்னும் கொஞ்ச நேரத்தில் என்ன பாடு படுத்தப் போகிறோம்! ஆனால் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

கிதே வந்தான். எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டை, இரும்பு முனை வைத்த ஷூ. அறை கைதட்டியது.

"யோம் மேனேஜர்! வாங்க, வாங்க!" நாம்குங் அவன் தோளில் கைபோட்டார். நேற்று வரை வெறும் யோம், இன்று யோம் மேனேஜர். "ஒரு ரெண்டு வார்த்தை பேசுங்க. அப்பா வந்திருக்கார் பாருங்க."

கிதே அப்பாவைப் பார்த்தான். சாங்பேக் பூந்தொட்டியைக் கீழே வைக்க மறந்து, அதன் இலைகளுக்கு நடுவிலிருந்து மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

கிதே குனிந்து வணங்கினான். நிமிர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான், நன்றி சொல்லிவிட்டு உட்காரப் போகிறான் என்று மிரான் நினைத்தாள்.

"அப்பா, என்னை மன்னிச்சிருங்க," என்றான் கிதே. "இந்தப் பதவி வேண்டாம்னு நான் நேத்தே ஜி.எம்.கிட்ட சொல்லிட்டேன். இப்பவும் அதேதான் சொல்றேன். எல்லாரும் மன்னிக்கணும்."

கடித்த பலகாரத்தை ஒருவர் மெல்லத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"என்னடா சொல்ற?" என்றார் சாங்பேக். "பலகாரம் தின்னாச்சேடா!"

யாரும் சிரிக்கவில்லை. அவர் அதைக் கேலிக்காகச் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஊரைக் கூட்டிப் பந்தி போட்ட பிறகு மாப்பிள்ளை எழுந்து போன மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

மிரான் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சார், எங்க வீட்டுல இன்னைக்கு யாரும் ஏறல. காலைல நீங்க சொன்ன காரணம் இப்ப இல்ல. எனக்கு ஏன் இல்லன்னு இப்ப சொல்லுங்க."

நாம்குங் அவசரப்படவில்லை. விரலில் ஒட்டியிருந்த பயற்று மாவைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

"நியாயம்தான்," என்றார். "நான் ஒண்ணும் அநியாயக்காரன் இல்ல. ஆனா, மேலேர்ந்து வந்ததை வேண்டாம்னு சபையில சொன்ன ஆளை அதே இடத்துல வெச்சிருந்தா நாளைக்கு ஆளாளுக்குச் சொல்வாங்க. கூன்சான் கிடங்குக்கு ஒரு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. கிதேயை அங்க அனுப்பறேன். யூனியன்லயே இருக்கட்டும், மேனேஜர் ஆக வேண்டாம். அவன் கேட்டது அதுதானே?"

கிதேயின் முகம் செத்துவிட்டது. கூன்சான் என்பது மேற்குக் கடற்கரைப் பக்கம், மூன்று மணி நேரப் பயணம். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வர முடியும். அங்கே சோதனைக் கூடம் கிடையாது. உடைந்து திரும்பி வந்த கியர்பாக்ஸ்களை அடுக்கி வைக்கிற கொட்டகைதான் இருக்கிறது. அவன் எதற்காக மேனேஜர் பதவியை உதறினானோ, அந்த ஓடுகிற இயந்திரம் அங்கே இருக்காது.

"ஒரு விஷயம்," என்று நாம்குங் மிரான் பக்கம் திரும்பினார். "புருஷன் பெண்டாட்டியைப் பிரிச்சுட்டாங்கன்னு யூனியன் கொடி பிடிக்கும். வெளியூர் மாத்தணும்னா வீட்டுல இருக்கிறவங்க சம்மதம் வேணும். நீங்க சம்மதிச்சா, திங்கட்கிழமை காலைல உங்க பேரு மேல போகும். அதிகாரி வரிசை. மறுபடி நேர்காணல்கூட கிடையாது. இதை எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"சம்மதிக்கலேன்னா?"

"அவன் இங்கயே இருப்பான். உங்களுக்கு அடுத்த வருஷம் பாப்போம்."

அறையில் அத்தனை பேரும் மிரானைப் பார்த்தார்கள்.  கிதே அவளைப் பார்த்து, வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை அசைத்தான். அவள் கேட்டதை அவன் செய்துவிட்டான், அதுவும் அப்பா முன்னாடி. இனிமேல் அவள் முறை.

"ஹாரின் அம்மா," சாங்பேக் பூந்தொட்டியோடு நகர்ந்து அவள் பக்கத்தில் வந்தார். குரலில் கெஞ்சல் இருந்தது. "எதுவா இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்மா. அவன்கிட்டயும் கேட்டுட்டு..."

"எனக்குச் சம்மதம் சார்," என்றாள் மிரான், கிதே பக்கம் திரும்பாமலேயே.